குட்டைக்குத் தண்ணீர் வரும் பள்ளத்தைப் படமாக அச்சிட்டுக் கொடுத்தால் ஊர் கூடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் உங்கள் ஊர்க் குட்டை. அதற்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் பள்ளம் சில இடங்களில் மண் மேவியும், சில இடங்களில் உழவு ஓட்டியும், ஓரிடத்தில் லேஅவுட் ரோடு போட்டும் அடைபட்டுக் கிடக்கிறது. மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. பள்ளத்தின் பாதையை மல்டிகலர் படமாக அச்சிட்டு நாலைந்து ஊர்களுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். எல்லார் கையிலும் ஃபோன் இருக்கும்போது காகிதத்துக்கு எதற்குச் செலவு என்கிறார்கள் பெரியவர்கள். படம் போட்டால் ஆதரவு வருமா, எந்த சைஸில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்: பக்கத்து ஊர்க்காரர்கள் "அது உங்க ஊர்க் குட்டை" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்களை உங்களோடு நிற்க வைக்க ஒரு படத்தால் முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

நான் நில அளவைப் படங்கள் வரையும் வேலையில் பல வருடம் இருந்தவன். அப்புறம் கோவை, திருப்பூர் பக்கம் குளம் குட்டைகளுக்காக வேலை செய்பவர்களுக்குப் படம் போட்டுக் கொடுத்து வருகிறேன். சட்டம் என் துறை இல்லை. அந்த இடம் வரும்போது வக்கீலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். படத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தது இது: படத்தைப் பார்த்ததால் மட்டும் யாரும் மனம் மாறுவதில்லை. அதில் தன் தோட்டத்தைக் கண்டுபிடித்தவரும், "இது தப்பு, இப்படி வரணும்" என்று திருத்திக் கொடுத்தவரும் கூட வருவார்கள். அதனால் இரண்டு முறை அச்சிடுங்கள். முதல் அச்சு ஊராரிடம் திருத்தம் வாங்க. இரண்டாவதுதான் ஊர் ஊராகக் கொடுக்க.

அச்சிட்ட படத்தை ஓர் இயக்கம் எவ்வளவு தூரம் பயன்படுத்த முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம். 1910-களில் அவர்கள் ஒரே படத்தைக் கைப்பிரதியாகவும் சுவரொட்டியாகவும் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். பெண்களுக்கு முழு வாக்குரிமை கொடுத்த மாநிலம் வெள்ளை, கொடுக்காதது கறுப்பு, பாதி கொடுத்தது கோடு போட்ட சாயல். 1869-இல் வயோமிங்கில் தொடங்கியது, 1912 முடிவில் ஒன்பது மாநிலங்கள் ஆகியிருந்தது. ஒன்பதும் மேற்கே ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்ததால், வெள்ளை மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து வருவதாகவே பார்ப்பவருக்குத் தெரியும். புது மாநிலம் சேரும்போது படமும் மாறும். 'படமே இதற்குச் சாட்சி' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். நம் மாநிலம் மட்டும் ஏன் இன்னும் கறுப்பாக இருக்கிறது என்று பார்ப்பவரே கேட்டுக்கொள்ளும்படி செய்த படம் அது. நாடு முழுக்க உரிமை வந்தது 1920-இல். அடுத்த வருடமே, 1921-இல், சென்னை மாகாணச் சட்டமன்றம் நம் ஊர்ப் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. சொத்து இருந்தால்தான் என்ற நிபந்தனை ஆண்களுக்கு இருந்தது போலவே அவர்களுக்கும் இருந்தது.

அந்தப் படத்தில் ஒரு சாதகம் இயல்பாகவே அமைந்துவிட்டது. மேற்கு மாநிலங்கள் பரப்பில் பெரியவை, ஜனம் குறைவு. காகிதத்தில் வெள்ளை பெரிதாகத் தெரிந்த அளவுக்கு அங்கே வாக்காளர்கள் இல்லை. 1917-இல் நியூயார்க் சேர்ந்தபோது படத்தில் ஒரு மூலைதான் வெளுத்தது; ஆனால் நாட்டிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட மாநிலம் அதுதான், அரசியலில் அதன் எடையே வேறு. வரைபடம் பரப்பைப் பெரிதாக்கிக் காட்டும், ஆட்களைக் காட்டாது. இந்தக் குணம் அந்தப் பெண்களுக்கு உதவியது. உங்களுக்கு எதிராகத் திரும்பும். நாலைந்து ஏக்கர் குட்டையை ஒன்றியம் முழுவதையும் காட்டும் படத்தில் வைத்தால் அது ஒரு புள்ளி. "இதுக்குப் போயி இத்தனை ஆர்ப்பாட்டமா" என்று பார்ப்பவர் மடித்து வைத்துவிடுவார்.

படம்தான் வெற்றிக்குக் காரணம் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள். லண்டனில் 1854-இல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஒரு படம் போட்டார், உடனே தெருக்குழாயின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். கைப்பிடியைக் கழற்றியது அந்த வருடம் செப்டம்பர் 8. படம் அச்சில் வந்தது அதற்குப் பிறகு. கழற்றச் சம்மதிக்க வைத்தது அவர் இறப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்துத் திரட்டிய விவரம். நோயும் அதற்குள் தணிய ஆரம்பித்திருந்தது. உங்கள் விஷயத்திலும் வீடு வீடாகப் போகும் வேலைதான் முதலில். அப்படிப் போக ஒரு சாக்கு வேண்டுமே, அது அந்தக் காகிதம்.

சரி, நம் பக்கம் வருவோம். எரிவாயுக் குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுப்பதற்கு 1962-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி அரசிதழில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் சொல்ல 21 நாள். அறிவிப்பில் இருப்பது சர்வே எண்களின் பட்டியல். சர்வே எண் இத்தனை, உட்பிரிவு இத்தனை, பரப்பு இத்தனை ஹெக்டேர் என்று பத்தி பத்தியாக ஓடும். அதைப் படித்து நெஞ்சு பதறியவர் யாரும் இல்லை. அதே எண்களைக் கிராம வரைபடத்தில் குறித்து ஒரு கோடு இழுத்தால், கோடு கிணற்றை ஒட்டிப் போவதும் தென்னந்தோப்பை இரண்டாகப் பிளப்பதும் கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவர வரைபடத்தை விட்டால் வேறு வழி இல்லை என்பது என் அனுபவம். அதே விவகாரம் படத்தின் எல்லையையும் காட்டுகிறது. கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் குழாய் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து 2013-இல் கொங்கு மாவட்டங்கள் திரண்டன. விவசாய நிலத்தை விட்டுச் சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லி மாநில அரசும் உத்தரவு போட்டது. அதே வருடம் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மக்கள் ஆதரவு வேறு, வழக்கு வேறு. முதலாவதற்கு உதவும் படம் இரண்டாவதற்குச் செல்லுபடியாகும் என்று எண்ண வேண்டாம்.

இப்போது உங்கள் படம். எதை உள்ளே காட்டுவது என்பதில்தான் பக்கத்து ஊர்க்காரருக்கான பதில் இருக்கிறது. உங்கள் ஊர் எல்லையோடு நிறுத்தினால் அது உங்கள் ஊர்க் குட்டை மட்டும்தான். பள்ளம் எந்த மேட்டில் தொடங்குகிறது, வழியில் எந்தெந்த ஊரின் காடு தோட்டங்களைத் தொட்டு வருகிறது, உங்கள் குட்டை நிரம்பிக் கடை போனால் தண்ணீர் அடுத்து எந்தக் குட்டைக்குப் போகும், கடைசியில் எதில் சேரும், இது முழுதும் ஒரே தாளில் வர வேண்டும். கொங்கு நாடு மேற்கே உயர்ந்து கிழக்கே சாயும் பூமி. வெள்ளியங்கிரியில் பிறக்கிற நொய்யல் கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேர்கிறது. உங்கள் பக்கத்துப் பள்ளங்களும் இந்தச் சாய்வை ஒட்டித்தான் ஓடும். மேக்கால ஊரில் அடைத்தால் கிழக்கால ஊருக்குப் போகாது என்பதை மேடையில் அரை மணி நேரம் பேசிப் புரியவைப்பதைவிட, ஊர்ப் பெயர்கள் வரிசையாக ஒரு நீலக் கோட்டில் கோத்திருப்பதைக் காட்டினால் போதும். ஒரத்துப்பாளையம் அணையின் கதை தெரிந்திருக்கும். பாசனத்துக்காக 1992-இல் வந்த அணை, திருப்பூரிலிருந்து வந்த சாயத்தண்ணீர் தேங்கிப் பாசனத்துக்கே உதவாமல் போனது. 2011-இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போனது விவகாரம். மேலே நடப்பதைக் கீழே இருப்பவர் சுமப்பார் என்று இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தன் ஊர் அந்தக் கோட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டினால் மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கியபின் உங்கள் பக்கத்தில் இன்னொரு பேச்சும் எழும்: "குழாய்லயே தண்ணி வருதுங்க, பள்ளத்தை எதுக்குத் தோண்டறது?" அந்தத் திட்டம் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாக வரும் 1.5 டிஎம்சி தண்ணீரை 1045 குளம் குட்டைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. உபரி இருந்தால்தான் தண்ணீர். விடுபட்ட குட்டைகளைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையும் ஓயவில்லை. உங்கள் குட்டை பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் படத்தின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். கேட்பதற்கு முன்பே பதில் இருந்தால் நம்பிக்கை வரும்.

அடிப்படைப் படத்தை எங்கே எடுப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். கூகுள் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதன்மேல் சிவப்புக் கோடு போடுவதுதான் எல்லாரும் செய்வது. அது இன்று இருப்பதைக் காட்டும். பள்ளம் எங்கே இருந்தது என்பதைக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது கிராம வரைபடம், பள்ளம் போகும் சர்வே எண்களின் புலப்படங்கள் (ஒவ்வொரு எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டும் படம்), அப்புறம் எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டில் அந்த எண்கள் நீர்நிலைப் புறம்போக்காக இருக்கின்றனவா என்ற விவரம். புலப்படத்தை அரசின் இ-சர்வீஸ் தளத்திலேயே எடுக்கலாம். கிராம வரைபடத்துக்கும் பழைய பதிவேட்டுக்கும் தாலுகா ஆபீசில் நில அளவைப் பிரிவைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிச் சான்றிட்ட நகல் கேட்கலாம். முக்கியமாக, 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய ஆவணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பழையதில் ஓடை என்று இருப்பது புதியதில் வேறாக இருந்தால் அதுவே ஒரு பெரிய செய்தி. ஆனால் அதை வைத்து முறைகேடு என்று படத்தில் எழுதிவிடக் கூடாது. இரண்டு பதிவுகளும் என்ன சொல்கின்றன என்பதை அப்படியே எழுதினால் போதும். விளக்கம் சொல்ல வேண்டியது வருவாய்த் துறை.

கோட்டின் தடிமன் பற்றி ஒரு விஷயம், இதை யாரும் யோசிப்பதில்லை. 1:5000 அளவுப் படத்தில் 1 மில்லிமீட்டர் தடிமனான கோடு தரையில் 5 மீட்டர். பள்ளத்து ஆக்கிரமிப்புத் தகராறெல்லாம் அந்த ஐந்து மீட்டருக்குள்தான் நடக்கும். புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போதும் சில மீட்டர் தள்ளிப் போவது சகஜம். அதனால் "இன்னாருடைய காம்பவுண்டு சுவர் பள்ளத்துக்குள் இருக்கிறது" என்று உங்கள் படத்தைக் காட்டிச் சொல்லவே முடியாது. சங்கிலியோ கருவியோ பிடித்து சர்வேயர் அளந்து கல் நட்டால்தான் அது தெரியும். நிச்சயமாகத் தெரிந்த பகுதிக்கு முழுக்கோடு, அளக்க வேண்டிய பகுதிக்குப் புள்ளிக்கோடு என்று பிரித்துப் போடுங்கள். கீழே "புள்ளிக்கோடு இட்ட இடங்களை அளந்து தரக் கேட்கிறோம்" என்று எழுதுங்கள். எதிர்த்தரப்பு உங்கள் படத்தில் ஒரே ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் போதும், மொத்தப் படமும் பொய் என்று ஊர் ஊராகச் சொல்லிவிடுவார்கள். புள்ளிக்கோடு அதற்கு இடம் கொடுக்காது.

இனி திருத்தும் அச்சு. ஏ-3 தாளில் கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் பிரதிகள் போதும். அடையாளங்களை ஊர்க்காரர் சொல்கிற பெயரிலேயே போடுங்கள்: கருப்பராயன் கோயில், பால் சொசைட்டி, மேல்நிலைத் தொட்டி, ரேஷன் கடை, இன்னாரின் தோட்டம் என்று இல்லாமல் மேலத் தோட்டம், கிணத்துக்காடு என்று எல்லாரும் அறிந்த பெயர்கள், பழைய இட்டேரி (இரண்டு பக்கமும் வேலி இருக்கும் வண்டித்தடம்). பேக்கரியில் டீ குடிக்கும் நேரத்தில் ஒரு பிரதியை மேசையில் விரித்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். ஒருமுறை பல்லடம் பக்கம் இப்படி விரித்தபோது ஒரு பெரியவர் முதலில் கேட்டது குட்டையைப் பற்றி இல்லை. "ஏனுங்க, இதுல நம்ம தோட்டம் எங்கீங்க?" காட்டினேன். தோட்டத்திலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இப்படி நேரா வராதுங்க. வேப்பமரத்துக்கு மேக்கால வளைஞ்சு, பாறையைச் சுத்தித்தான் வரும். அங்க ஒரு தடுப்பு இருந்துது, கல்லுக் கட்டு" என்றார். என் பேனாவை வாங்கி அவரே வளைத்துக் காட்டினார். அந்தக் கல் கட்டு எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. போய்ப் பார்த்தபோது முள்ளுக்குள் இருந்தது. அதன்பிறகு அந்த வேலையில் எங்களுக்காகப் பத்துப் பேரிடம் பேசியவர் அவர்தான்.

இதனால்தான் திருத்தும் அச்சுக்கு ஆர்ட் பேப்பர் வேண்டாம் என்கிறேன். பளபளப்பில் பேனா வழுக்கும். சாதாரண மேப்லித்தோ தாள் போதும், எழுதலாம், மடிக்கலாம். கொண்டுபோகும் இடங்களில் பெண்கள் கூடும் இடத்தை விடாதீர்கள். நூறு நாள் வேலையில் அந்தக் குட்டையையும் பள்ளத்தையும் தூர் வாரியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். எந்த வருடம் எது வரை வெட்டினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆடு மாடு மேய்ப்பவர்களையும் கேளுங்கள். பள்ளத்தின் தடத்தில் தினமும் நடப்பவர்கள் அவர்கள்.

போடக்கூடாதவை இரண்டு. ஒன்று, ஆள் பெயர். ஆக்கிரமிப்பு என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் பட்டாதாரர் பெயரைப் போட்டால் பேச்சு பள்ளத்தை விட்டு அந்தக் குடும்பத்துக்குப் போய்விடும். அவர் சொந்தபந்தமெல்லாம் உங்களுக்கு எதிரே நிற்கும். அவதூறு வழக்குக்கும் இடம் உண்டு, இதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புறம்போக்கு சர்வே எண்ணோடு நிறுத்துங்கள். அவரையும் திருத்தும் அச்சோடு போய்ப் பாருங்கள். தண்ணீர் வரத்து நின்றதால் அவர் கிணறும் வற்றித்தான் இருக்கும்.

இரண்டு, 'பயன்பெறும் பகுதி' என்று குட்டையைச் சுற்றி ஒரு வட்டம். இளைஞர்களுக்கு இதில் ஆசை அதிகம். நம் பகுதி கடும்பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்பின் வழியே போகும், வட்டமாகப் பரவாது. குட்டையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிணறு ஊறும், பக்கத்துக் கிணறு ஊறாமலே இருக்கும். குட்டை நிரம்பிய வருடங்களில் எந்தக் கிணறுகள் ஏறின என்று ஊராரைக் கேட்டு அந்தக் கிணறுகளை மட்டும் குறியுங்கள். வட்டம் போட்டால் வெளியே விழுந்த ஒவ்வொரு வீடும் உங்களுக்கு இழப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கான கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் அறிக்கை கொடுத்தபோது கிராமத்தையே அலகாக வைத்து, சூழல் நுண்மைப் பகுதி என்று முழுக் கிராமங்களாகக் குறித்தது. காடும் வீடும் தோட்டமும் ஒரே நிறத்தில் விழுந்தன. இடுக்கியில் எழுந்த எதிர்ப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், தன் வீடும் அதே நிறத்தில் இருக்கிறது என்ற பயமும் அதில் ஒன்று. நல்ல நோக்கத்துக்காக நிறம் தீட்டினாலும் பயம் வரும்.

கடைசி அச்சுக்கு மல்டிகலர் வேண்டுமா என்றால், வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜெராக்ஸ் எடுத்தாலும் புரியும்படி வரையுங்கள். உங்கள் படம் மனுவோடு சேர்ந்து ஆபீசுக்குள் போனதும் ஜெராக்ஸாகத்தான் மேசை மாறும். வெளிர் நீலம் அதில் மறைந்துவிடும், சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகும். பள்ளத்துக்குத் தடித்த கோடு, அடைப்புக்குப் பெருக்கல் குறி, குட்டைக்குக் குறுக்குக் கோடுகள் என்று வடிவத்தால் பிரித்துக் காட்டினால் நிறம் போனாலும் சேதி போகாது. அளவை விகிதமாக எழுதாமல் அளவுகோலாக வரைந்துவிடுங்கள். ஜெராக்ஸில் படம் சுருங்கினால் அளவுகோலும் கூடவே சுருங்கும். பரப்பை ஏக்கர், சென்ட்டில் எழுதி, பக்கத்தில் ஹெக்டேரும் போடுங்கள். வடக்கு மேலே இருக்கட்டும். தலைப்பு 'நீர்வழித்தட வரைபடம்' என்று இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். "நம்ம பள்ளம் எத்தனை இடத்தில் அடைபட்டிருக்கிறது" என்பதை எண்ணோடு ஒரு வாக்கியமாகவே எழுதுங்கள். ஒரு படத்துக்கு ஒரு கோரிக்கை. குட்டைக் கரையில் குப்பை கொட்டுவதும் உண்மைதான், ஆனால் அதை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்தால் அவர்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும். எந்த ஆவணத்திலிருந்து, எந்தத் தேதியில், யார் வரைந்தது, எங்கே அச்சானது என்பதும் அடியில் இருக்க வேண்டும். சில நூறு பிரதி என்றால் டிஜிட்டல் பிரிண்ட், ஆயிரத்தைத் தாண்டினால் பிளேட் போட்டு ஆஃப்செட் என்று கணக்கு பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபோனா காகிதமா என்ற சண்டை தேவையில்லை. வாட்ஸ்அப்பில் படம் சீக்கிரம் போய்ச் சேரும், அதே வேகத்தில் மேலே ஏறி மறையும், சர்வே எண் வாசிக்க முடியாமல் மங்கும். காகிதம் பேக்கரிச் சுவரில் ஒட்டியபடி இருக்கும், நாலு பேர் ஒரே நேரத்தில் விரல் வைத்துப் பேசலாம். எது அதிக ஆதரவைக் கொண்டுவரும் என்று அளந்து சொல்வது கஷ்டம். சர்வே எண் வைத்துப் பேச வேண்டிய விஷயத்துக்குக் காகிதமே எனக்கு வசதி.

எப்போது கொடுப்பது என்பதைக் கிராம சபைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு உண்டு. உங்களுக்கு ஏற்றது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துச் சபை. அதில் தீர்மானம் ஏறினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அளக்கவும் தூர் வாரவும் கோடை முழுதும் இருக்கிறது. அக்டோபர் 2-இல் கேட்டால் மழை தொடங்கிவிடும். தைப் பொங்கல் முடிந்ததும் திருத்தும் அச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மார்ச் தொடக்கத்தில் கடைசி அச்சு கையில் இருக்கும். பள்ளம் தொடும் எல்லா ஊராட்சிகளிலும் அதே நாளில், அதே படத்தை இணைத்து, ஒரே வாசகத்தில் தீர்மானம் போட முயலுங்கள். ஊராரின் கையெழுத்தோடும் பேனாத் திருத்தத்தோடும் இருக்கும் பழைய பிரதிகளைத் தேதி எழுதிக் கோப்பில் வையுங்கள். சர்வேயர் அளக்க வரும் நாளில் அவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.